ஹார்ட் டிஸ்க் பங்கை வாங்கிப் போட்டு மறந்துவிடலாமா? கேள்வி பதில்

கே: அண்ணா, ஏஐ, டேட்டா சென்டர் என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. ஸ்டோரேஜ் கம்பெனிப் பங்கை வாங்கிவிட்டுப் பதினைந்து வருடம் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாமா?

ப: என் மேசை டிராயரில் 40 ஜிபி மேக்ஸ்டர் டிஸ்க் ஒன்று கிடக்கிறது. குவான்டமின் டிஸ்க் பிரிவை 2001இல் மேக்ஸ்டர் விழுங்கியது. 2006இல் மேக்ஸ்டரை சீகேட் விழுங்கியது. ஐபிஎம்மின் பிரிவு ஹிட்டாச்சிக்குப் போய், 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் சேர்ந்தது. இன்று ஹார்ட் டிஸ்க் செய்வது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா, மூன்றே பேர். தொழில் பிழைத்தது, கம்பெனிகள்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கம்பெனியின் கணக்கைப் பார்க்க முடியாது என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

கே: மெமரி சிப் செய்யும் மைக்ரானின் பி/இ (பங்கு விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) பத்துக்குக் கீழே இருந்தபோது மலிவு என்று நினைத்து வாங்கினேன். அப்புறம் விழுந்தது. எங்கே தப்பு?

ப: பி/இ-யை நம்பியதுதான் தப்பு. தக்காளி விலை ஏறினால் அடுத்த போகத்தில் ஊரே தக்காளி போடும், பிறகு பறிக்கிற கூலிகூடத் தேறாது. மெமரி சிப்பும் அப்படித்தான். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், கியாக்ஸியா, சான்டிஸ்க், மைக்ரான், சீனாவின் ஒய்எம்டிசி என்று நேண்ட் ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் தகவலைக் காக்கும் மெமரி சிப்) ஆள் அதிகம். ஒருவர் சரக்குக்கும் இன்னொருவர் சரக்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஃபேப் (சிப் வடிக்கும் ஆலை) கட்டச் சில வருடம் பிடிக்கும். கட்டி முடிக்கும்போது விலை இறங்கியிருக்கும்.

எண்ணிலேயே பாருங்கள். 2022 நிதியாண்டில் மைக்ரான் விற்பனை சுமார் 3,080 கோடி டாலர், லாபம் 870 கோடி. மறு நிதியாண்டில் விற்பனை 1,550 கோடி, நஷ்டம் 580 கோடி! பி/இ மலிவாகத் தெரிந்தது லாபம் உச்சத்தில் இருந்ததால்தான். வேடிக்கை என்னவென்றால், நஷ்டக் கணக்கு வந்துகொண்டிருந்த 2023 காலண்டர் ஆண்டில் பங்கு 50 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. நான் பி/இ-யை ஓரமாக வைத்துவிட்டு, கையிருப்பு எத்தனை நாள் சரக்கு, கடன் எவ்வளவு, புதிய ஆலைக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள், இந்த மூன்றைத்தான் பார்ப்பேன்.

கே: சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி வந்த பிறகு ஹார்ட் டிஸ்க் செத்த தொழில் இல்லையா சார்?

ப: லேப்டாப்பில் செத்துவிட்டது, உண்மைதான். ஆனால் நீங்கள் கிளவுடில் போட்டு மறந்துபோன கல்யாண வீடியோ எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் சுழலும் தட்டில்தான். ஒரு டெராபைட்டுக்கு ஆகும் செலவில் எஸ்எஸ்டி இன்னும் பல மடங்கு அதிகம். 2024 ஜனவரியில் சீகேட் அறிவித்த மொசைக் டிஸ்க்கில் ஒரு தட்டுக்கு 3 டெராபைட், மொத்தம் 30க்கு மேல். எழுதும் இடத்தை நுண்ணிய லேசர் ஒரு நொடியின் மிகச் சிறு பங்கில் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஆறவிடுகிறது. புதிதாக ஒருவர் வந்து இதைச் செய்வது லேசில்லை.

ஆள் குறைவு என்பதன் வலிமை 2011இலேயே தெரிந்தது. தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைகள் மூழ்கின, டிஸ்க் விலை எகிறியது. சீகேட்டின் லாபம் ஒரே நிதியாண்டில் 51 கோடி டாலரிலிருந்து 286 கோடிக்குப் போனது. அதை நிரந்தரம் என்று நம்பியவர்களுக்கு 2023 நிதியாண்டில் அதே கம்பெனி 53 கோடி நஷ்டம் காட்டியது. ஆக, இங்கேயும் ஏற்ற இறக்கம் உண்டு, நேண்ட் அளவுக்கு இல்லை. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை ஹார்ட் டிஸ்க் பக்கம்தான்.

கே: டிவிடெண்டை (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை) நம்பி வாங்கலாமா? ஓய்வு பெற்றவன் நான்.

ப: வேண்டாம் ஐயா. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2016இல் சான்டிஸ்க்கை வாங்கக் கடன் வாங்கியது. 2020 ஏப்ரலில் டிவிடெண்டை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் சான்டிஸ்க்கைத் தனியாகப் பிரித்தேவிட்டது. சீகேட்டும் 2009இல் நிறுத்தி, 2011இல்தான் மறுபடி ஆரம்பித்தது. மாதச் செலவுக்கான பணத்தை இதில் வைக்காதீர்கள்.

கே: குஜராத்தில் மைக்ரான் ஆலை வருகிறதே, அதனால் லாபமா?

ப: சானந்தில் இருப்பது சிப்பை அடைத்துச் சோதிக்கும் ஆலை, சிப் வடிக்கும் ஆலை இல்லை. ஊருக்கு நல்லது, பங்கு விலைக்கு அது காரணமாகாது.

கே: இங்கிருந்து வாங்குவதில் சிக்கல் உண்டா?

ப: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். அமெரிக்கக் கம்பெனி டிவிடெண்டில் 25 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள், இங்கே கணக்குத் தாக்கலில் அதைக் காட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். சீகேட் மட்டும் சட்டப்படி அயர்லாந்து கம்பெனி. அதன் டிவிடெண்டுக்கு அயர்லாந்து விதி, படிவமும் வேறு. வாங்கும் முன்பே புரோக்கரிடம் கேட்டு வையுங்கள்.