அம்மா கட்டிய அந்த 5 ரிங்கிட்

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் 30 வருஷம் பால்மரம் சீவியவர் என் அம்மா. வயது 58. நேற்று இரவு சுகாதார அமைச்சின் சின்னத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. ‘பெக்கா பி40 இலவசப் பரிசோதனைக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள். போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் கிடைக்கும். இந்தச் செயலியை இறக்கி, 5 ரிங்கிட் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்.’ கோயில் குழுவில் தெரிந்தவர் அனுப்பியதால் அம்மா நம்பிவிட்டார். வங்கிக் கணக்கின் பயனர் பெயர், கடவுச்சொல் போட்டதும் ‘தோல்வி’ என்று வந்ததாம். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் 22,000 ரிங்கிட் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 5 ரிங்கிட் கழியவில்லை, பயமில்லைதானே?

பதில்: பயம் இருக்கிறது, சகோதரி. உங்களுக்கு உடனே அனுப்பிய பதிலை மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். அம்மாவின் கைப்பேசியில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து, வங்கி அட்டையின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997-க்கும் அழையுங்கள், போலீஸ் புகாரும் செய்யுங்கள். அந்தக் கைப்பேசியை முழுக்க அழித்துச் சுத்தம் செய்யும்வரை அதில் வங்கிப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

மோசடிக்காரர்களுக்கு 5 ரிங்கிட் வேண்டியதில்லை. அந்த வங்கிப் பக்கமே போலி. அம்மா தட்டிய பெயரும் கடவுச்சொல்லும் அவர்கள் கைக்குப் போய்விட்டன. ‘தோல்வி’ என்று காட்டினால் சிலர் இன்னொரு வங்கிக் கணக்கையும் போட்டுப் பார்ப்பார்கள், அதுவும் லாபம்தான். இறக்கிய ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டிருக்கும். அம்மா ‘சரி’ அழுத்தியிருந்தால், வங்கி குறுஞ்செய்தியில் டேக் எண் (பரிமாற்றத்தை உறுதிசெய்யும் ஒருமுறை எண்) அனுப்பினால், அது அம்மா கண்ணில் படும் முன்பே அவர்கள் கைக்குப் போய்விடும்.

கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், பெக்கா பி40 குறைந்த வருமானக்காரர்களுக்கான நிஜமான சுகாதாரத் திட்டம். 2019 முதல் நடக்கிறது. எஸ்டிஆர் எனும் அரசாங்க ரொக்க உதவி பெறுபவர்களுக்கும் அவர்களின் துணைக்கும், 40 வயது ஆகியிருந்தால், இலவசப் பரிசோதனை உண்டு. தனியாகப் பதிவு செய்யத் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. போக்குவரத்து உதவியும் நிஜம்தான். ஆனால் அது அரசாங்க மருத்துவமனை வழியாக, புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றுக்குப் போய்வருகிறவர்களுக்கு. பாதி உண்மை கலந்த பொய்யைத்தான் நம் ஆட்கள் அதிகம் நம்புகிறார்கள். அரசாங்க கிளினிக்கில் சீட்டு எடுக்க 1 ரிங்கிட் வாங்குகிறார்கள். வாட்ஸ்அப்பில் 5 ரிங்கிட் கேட்பது யார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அரசாங்கச் செயலி கைப்பேசியின் செயலிக் கடையில் இருக்கும், கோப்பாக வாட்ஸ்அப்பில் வராது. குழுவில் அனுப்பியவர் மேல் கோபப்படாதீர்கள், அவரும் ஏமாந்திருப்பார். அவரையும் இன்றே எச்சரியுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை அந்த 22,000. கைப்பேசியால் தொடக்கூடிய கணக்கில் ஆயுள் சேமிப்பு இருக்கக்கூடாது. இபிஎஃப் பணத்தை 55 வயதில் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, அங்கேயே விட்டால் லாப ஈவு வந்துகொண்டிருக்கும். எடுத்தாயிற்று, சரி. கணக்கு பத்திரமானதும் பெரும்பகுதியை வங்கி முகப்பில் நிரந்தர வைப்பில் போடுங்கள். மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் மட்டும் சின்னக் கணக்கு போதும். அதன் தினசரி பரிமாற்ற வரம்பையும் குறைத்துவிடுங்கள்.

அப்புறம், பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். அம்மா எஸ்டிஆர் வாங்குபவர் என்றால், திட்டத்தில் சேர்ந்த கிளினிக்குக்கு மைகாட் அடையாள அட்டையோடு அழைத்துப் போங்கள். இரத்தம் எடுப்பார்கள், சாப்பிடாமல் வர வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.