சின்னவனுக்கு ஜீப் வேண்டாம், குளக்கட்டு போதும்

சகோதரி, நான்கு வயதும் ஏழு வயதுமான பிள்ளைகளோடு வவுனியாவிலிருந்து தை மாதத்தில் வில்பத்துத் தேசியப் பூங்காவுக்குப் போகலாமா, சின்னவன் அரை மணிநேரம்கூட ஓரிடத்தில் இருக்கமாட்டானே என்று கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் வில்பத்தை விட்டுவிடுங்கள். அங்கே நினைத்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது; மணிக்கணக்கில் உட்கார வைத்தால் அவனுக்குக் காடே வெறுத்துவிடும்.

மன்னார் வீதியைப் பிடியுங்கள். முருங்கனுக்கு அருகில் கட்டுக்கரைக்குளம் வரும். குளக்கட்டில் கையைப் பிடித்து நடக்கவிடுங்கள். நீர்க்காகமும் கொக்கும் தாராளமாகத் தெரியும். தண்ணீரில் மட்டும் இறக்காதீர்கள், வன்னிக் குளங்களில் முதலை உண்டு.

பிறகு வங்காலைச் சரணாலயம். 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். மன்னார்ப் பாலத்தை அண்டிய ஆழமற்ற நீரில், வலசைக் காலத்தில் வீதியோரமாக நின்றே பூநாரைகளைப் பார்க்கலாம். அவை சிறகை விரிக்கும்போது உள்ளே தெரியும் இளஞ்சிவப்பைப் பெரியவளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். அதற்காகவே ஒரு தொலைநோக்கியை இரவல் வாங்கலாம். கல்லெறிந்து பறக்கவைக்க விடாதீர்கள், அவை இரைதேடும் நேரம் அது.

விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறமுன் பார்த்து முடியுங்கள். வழியில் பற்றைக்குள் ஒதுங்க நேர்ந்தால், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஓரடிகூட வைக்கவேண்டாம். மாலை மங்கமுன் திரும்பிவிடுங்கள், காட்டு வீதிகளில் யானை இறங்கும்.