கிளட்ச் மிதித்துக் கியர் போடும் காரில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி: தரமணியில் வேலை பார்க்கிறேன். முதல் கார் வாங்கப் போகிறேன். தானியங்கி கியர் கார்கள் இவ்வளவு வந்துவிட்ட பிறகும், வீட்டுப் பெரியவர்கள் கிளட்ச் காரைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். ஏன்?

பதில்:

விலையும் மைலேஜும்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 2014-ல் மாருதி செலெரியோவில் ஏ.எம்.டி. என்ற எளிய வகைத் தானியங்கி கியர் வந்த பிறகு அந்தக் காரணம் மெலிந்துவிட்டது. ஏ.எம்.டி. காரில் இருப்பதும் அதே கிளட்ச், அதே பற்சக்கரங்கள்தான். நம் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை அதில் ஒரு சிறு கருவி செய்துவிடுகிறது. அதனால் கூடுதல் விலையும் குறைவு, மைலேஜிலும் சொல்லும்படியான இழப்பில்லை. அப்படியும் இத்தனை பேர் கிளட்ச் காரை விடவில்லை.

என்னைக் கேட்டால், அந்தப் பிடிப்புக்குக் காரணம் ஒன்றுதான். கியரைக் கையால் போடுகிறவர் அடுத்த பத்து வினாடிகளில் சாலையில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டே ஓட்டுகிறார். பெரும்பாலான தானியங்கி கியர் பெட்டிகளுக்கு வண்டியின் வேகம் தெரியும், எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தெரியும், நீங்கள் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று தெரியும். நூறடி தள்ளி ஒரு மாநகரப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஒதுங்குவது தெரியாது. வேளச்சேரி உட்சாலைகளில் மரநிழலுக்குள் மறைந்திருக்கும் வேகத்தடையும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆகவே நீங்கள் மூன்றிலிருந்து இரண்டுக்கு முன்னதாகவே இறங்கிவிடுகிறீர்கள். தடையைத் தாண்டியதும் வண்டி தயங்காமல் எழுகிறது. இப்படிக் கணித்தது சரியாக அமையும்போது கிடைக்கும் நிறைவுக்காகத்தான் நான் இன்னும் கிளட்ச் கார் வைத்திருக்கிறேன்.

செங்கல்பட்டைத் தாண்டி, திருச்சி நோக்கிப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு லாரியை முந்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் காரில் முந்துவதற்கு முன்பே ஐந்திலிருந்து மூன்றுக்கோ நான்குக்கோ வந்து, எஞ்சின் விசையோடு இருக்கும்போது வெளியே வருகிறோம். சாதாரண ஏ.எம்.டி. காரில் ஆக்சிலேட்டரை அழுத்திய பிறகுதான் அது கியரைக் குறைக்க முடிவு செய்கிறது. கிளட்ச் விலகி மறுபடி சேரும் அந்தச் சிறு இடைவெளியில் வண்டி ஒரு கணம் தொய்ந்துவிடும். டார்க் கன்வெர்ட்டர், இரட்டைக் கிளட்ச் என்று வேறு வகைத் தானியங்கி கியர் பெட்டிகள் உண்டு. அவற்றில் நல்லவை இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டன, ஆனால் அவற்றின் விலை வேறு.

மலையில் இந்த வித்தியாசம் இன்னும் துலங்கும். சென்னைக்காரர்கள் வார இறுதியில் ஓடிப்போகும் ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் விதி. தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் லைனிங் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். தானியங்கி காரிலும் தாழ்ந்த கியரில் நிறுத்திவைக்க வசதி உண்டு, ஆனால் அதை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காதவர்கள் ஏராளம். கிளட்ச் காரில் பழகியவருக்கு அது தானாகக் கைக்கு வருகிறது.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் எரிபொருள் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்றைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெரும்பாலும் எரிபொருள் செலுத்துவதே நின்றுவிடும். சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

என் தாய்மாமா மாதவரத்திலிருந்து விஜயவாடாவுக்கு லாரி ஓட்டியவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனபோதுதான் கியர் மாற்றுவது எவ்வளவு பெரிய வித்தை என்று புரிந்தது. பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே இணக்கிக் கொடுக்கும் சின்க்ரோமெஷ் அமைப்பு காடிலாக் கார்களில் 1928-லேயே வந்துவிட்டது. ஆனால் நம் ஊரின் பழைய லாரிகள் பலவற்றில் அது கிடையாது. அங்கே டபுள் கிளட்ச் போட வேண்டும்: கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியர். கியர் இறக்கும்போது நியூட்ரலில் இருக்கும் அந்த நொடியில் ஆக்சிலேட்டரையும் அளவாகக் கொடுக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பல்லோடு பல் உரசிக் கறமுறவென்று கத்தும். மாமா மீட்டரைப் பார்த்ததே இல்லை. எஞ்சினின் சத்தம் இறங்குவதைக் காதால் கேட்டு, சரியான சுற்றில் தடியைத் தள்ளுவார், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழும். “லோடு எவ்வளவு, மேடு எவ்வளவு என்று வண்டி சொல்லும் தம்பி, நீ கேட்டால் போதும்” என்பார். காலி லாரியை இரண்டாவது கியரிலேயே கிளப்புவார். முழு லோடு இருந்தால் முதல் கியர்தான். ஒரே சாலை, ஒரே வண்டி, போகும்போது ஓட்டியது ஒருவிதம், திரும்பும்போது ஓட்டியது வேறுவிதம். அவரைப் போன்றவர்களுக்குக் கியர் தடி மேலிருக்கும் பிரியத்தை வெறும் பழக்கதோஷம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த அறிவு அது.

கார்களிலும் அந்தக் கேட்கும் பழக்கம் இருந்தது. மாருதி 800-ன் எஞ்சின் 796 சி.சி.தான். ஏ.சி. ஓடும்போது குடும்பத்தோடு மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்கும். ஏறுவதற்கு முன்பே கியரைக் குறைத்து, சிலர் ஏ.சி.யையும் அணைத்துவிட்டு ஏறுவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படிப்பட்ட வண்டிகளில் ஓட்டக் கற்றிருந்தால், அவர்களுடைய பிடிவாதத்துக்கு ஒரு நியாயம் உண்டு.

இனி மறுபக்கம். மாலை ஆறரைக்கு ராஜீவ் காந்தி சாலையில் டைடல் பார்க் சந்திப்பிலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஊர்ந்து போகும்போது மேலே சொன்ன எதுவும் உதவாது. முதல் கியர், நியூட்ரல், மறுபடி முதல் கியர். முன்கூட்டிப் பார்க்க முன்னால் இருப்பது இன்னொரு காரின் பின்பக்கம் மட்டுமே. கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி, ஹாஃப் கிளட்ச்சிலேயே நகர்த்தினால் கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகும் வாடை வரும். மேம்பாலச் சரிவில் நிற்க நேர்ந்தால் கிளட்ச்சால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள். இடது முழங்காலில் வலி உள்ளவர்களுக்கு இந்த நெரிசல் சித்திரவதை. இடது காலைப் பயன்படுத்த முடியாத எத்தனையோ பேருக்குத் தானியங்கி கார்தான் தனியாக வெளியே போகும் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மின்சாரக் கார்கள் இந்த விவாதத்தையே முடித்துவிடக்கூடும். மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையையும் கொடுப்பதால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மாற்றக்கூடிய கியர்களே தேவையில்லை. ஆகவே கிளட்ச் காரை ஓட்டிப் பழக வாய்ப்புள்ள காலம் இதுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் ராஜீவ் காந்தி சாலை, அதுவும் நெரிசல் நேரத்தில்தான் என்றால், வீட்டாரிடம் பொறுமையாகப் பேசித் தானியங்கியையே வாங்குங்கள். ஆனால் பயிற்சிப் பள்ளியில் கிளட்ச் காரில் கற்றுக்கொள்ளுங்கள். அதில் பழகியவர் தானியங்கிக்கு மாறுவது எளிது, தானியங்கியில் மட்டும் பழகியவர் கிளட்ச் காருக்கு மாறுவது அவ்வளவு எளிதல்ல. அலுவலகத்துக்கு ரயிலிலோ பேருந்திலோ போய்விட்டு, காரை ஊருக்கும் மலைக்கும் எடுப்பதாக இருந்தால் யோசிக்காமல் கிளட்ச் கார். ஓட்டிப் பார்க்கும்போது காலி சாலையில் ஒரு சுற்று போதாது. விற்பனையாளரிடம் கேட்டு நெரிசலுக்குள் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கிளட்ச் பெடல் எவ்வளவு கனமாக இருக்கிறது, எந்த உயரத்தில் பிடிக்கிறது, இரண்டாவது கியர் எதிர்ப்பில்லாமல் விழுகிறதா என்று பாருங்கள். டீசல் கார்களில் பெடல் பெரும்பாலும் சற்றுக் கனமாகவே இருக்கும்.