பட்டிக்குள் சிறுத்தை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பன்குளம் பக்கம் எங்களுக்கு மாட்டுப்பட்டி இருக்கு. பெரும்போகம் விதைத்ததும் வழக்கம்போல மாடுகளைக் காட்டோரம் சாய்த்துக்கொண்டு போனோம். இரண்டு கிழமைக்குள் மூன்று கன்று போய்விட்டது. சிறுத்தையைக் கூடு வைத்துப் பிடித்து சோமாவதிக் காட்டில் விடச் சொல்லி ஊரே கையெழுத்து வைத்துக் கடிதம் கொடுக்கப் போகிறோம். சரிதானே?

பதில்: மூன்று கன்று என்பது சின்ன நட்டமில்லை தம்பி, உங்கள் கோபத்தில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்து வைக்க முதல் செத்த கன்றை வடிவாகப் பார்த்தீர்களா? தொண்டையில் ஆழமாக இரண்டு மூன்று பல் ஓட்டை, உடம்பைப் பற்றைக்குள் இழுத்துக்கொண்டு போன தடம் என்றால் சிறுத்தையாக இருக்கலாம். பின்தொடை, வால், வயிறு எல்லாம் கண்டபடி கிழிந்து கிடந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஊர் நாய்க்கூட்டத்தைத்தான். மணலில் காலடியையும் பாருங்கள். நாய்க்கு நகம் பதியும், சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் அநேகமாகப் பதியாது.

சரி, சிறுத்தை என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்பதை மகாராஷ்டிராவில் ஜுன்னர் என்ற இடத்தில் செய்து பார்த்துவிட்டார்கள். கரும்புத் தோட்டங்களில் திரிந்த சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு முதல் மனிதர் மீது ஆண்டுக்குச் சராசரியாக 4 தாக்குதல் நடந்த இடத்தில், 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கு 17 நடந்தது. தெரியாத காட்டில் விடப்பட்டது தன் பழைய இடம் தேடி ஊருக்குள்ளால் நடக்கும், இங்கே காலியான இடத்துக்கு வேறொன்று வரும், அதற்கும் உங்கள் பட்டி அதே திறந்த பட்டிதான்.

ஆகவே பட்டிக்கு வாருங்கள். இலந்தை முள்ளை வெட்டிச் சுற்றிவரப் போட்டால் மாடு வெளியே போகாது, அவ்வளவுதான். சிறுத்தை அதைப் பாய்ந்து கடக்கும். யால பக்கத்துப் பட்டிக்காரருக்கு முள்வேலிக்குப் பதிலாக, கழற்றிக் கொண்டுபோகக்கூடிய இரும்புப் பட்டி கொடுத்தார்கள். முழுப் பட்டிக்கும் உங்களிடம் காசு இராது, எனக்கும் தெரியும். கன்றுகளுக்கு மட்டும் ஒரு மூலையில் கம்பிவலை அடித்து, மேலேயும் மூடி, இரவில் அதற்குள் விடுங்கள். மேல் மூடாத அடைப்பு வீண் செலவு. செத்த மாட்டைப் பட்டிக்குப் பக்கத்தில் போட்டு வைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. மிச்ச இறைச்சியில் மருந்து வைக்கவோ சுருக்குக் கம்பி கட்டவோ யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, பிடிபட்டால் வழக்கு வரும். மருந்து உங்கள் நாயையும் சேர்த்தே கொல்லும். சுருக்கு இடுப்பில் இறுகினால், அவிழ்த்து விட்டாலும் உள்ளுறுப்புகள் போய்விடும். 2020இல் நல்லதண்ணிப் பக்கம் பன்றிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டும் சில நாளில் செத்துப்போனது. சிறுத்தை ஊருக்குள் வந்துவிட்டால் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து வனஜீவராசித் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், சனத்தைச் சேர்க்காதீர்கள். 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பத்துப் பேரளவில் காயப்பட்டு, கடைசியில் சிறுத்தையையும் அடித்துக் கொன்று, அந்த வீடியோவால் நாடு முழுக்கப் பேச்சு வாங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி: பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போவோம். கரடிக்கு என்ன செய்வது? (திரியாய் வாசகி)

பதில்: சத்தம் போட்டுக்கொண்டு போங்கள் தங்கச்சி, கதையோ பாட்டோ எதுவும் சரி. கரடி உங்களைத் தின்ன வருவதில்லை, அதற்குப் புற்றும் பழமும் தேனும் போதும். கண் மந்தம். தின்னத் தொடங்கினால் பக்கத்தில் ஆள் வந்ததே தெரியாது, திடீரென்று கண்டால்தான் பயத்தில் பாயும், அதுவும் முகத்தைப் பார்த்து. மரத்துக்கு இந்தப் பக்கம் நீங்கள் குனிந்து பொறுக்கும்போது அந்தப் பக்கம் அதுவும் குனிந்திருக்கலாம். தனியே போக வேண்டாம், குட்டியோடு கண்டால் பழத்தை விட்டுவிட்டு வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள்.

பத்திரமாகப் பழத்தோடு திரும்பினால் எனக்கும் ஒரு சிரட்டை எடுத்து வையுங்கள்.