வெளிநாடு போகும்போது கையில் ரொக்கமா, கார்டா?

இரண்டும் வேண்டும். ஆனால் பெரும்பகுதி கார்டில் இருக்கட்டும். ரொக்கம் தொலைந்தால் போனதுதான். கார்டு தொலைந்தால் உடனே முடக்கிவிடலாம். இறங்கியதும் பஸ், டாக்சி, தண்ணீர் பாட்டில் என்று இரண்டு நாள் சில்லறைச் செலவுக்கு மட்டும் அந்த ஊர்ப் பணம் போதும். அதையும் விமான நிலையத்தில் மொத்தமாக மாற்றாதீர்கள், அங்கே மாற்று விகிதம் பெரும்பாலும் மோசம்.

பலர் ஏமாறும் இடம் வேறு. கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் திரையில் இரண்டு தொகை வரும்: ஒன்று உள்ளூர்ப் பணத்தில், இன்னொன்று உங்கள் நாட்டுப் பணத்தில். பழகிய பணம்தானே என்று இரண்டாவதை அழுத்திவிடுவோம். தயவுசெய்து வேண்டாம்! அந்த மாற்று விகிதத்தில் கூடுதல் லாபம் சேர்த்திருப்பார்கள். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், பதிலும் அதேதான்.

அப்புறம், ரொக்கம் எடுக்க டெபிட் கார்டுதான் சரி. கிரெடிட் கார்டில் எடுத்தால் பொதுவாக அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். மாறாக, ஹோட்டல் முன்பணத்துக்கு கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டு என்றால் உங்கள் சொந்தப் பணம் சில நாள் முடங்கிக் கிடக்கும். இரண்டு கார்டையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள்.