பெராக்சைடு இருந்தால் மட்டும் புரோமின் ஏன் இடம் மாறுகிறது?

இரட்டைப் பிணைப்போடு ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது புரோமின் எந்தக் கார்பனில் ஒட்டும் என்று சொல்லும் மார்கோவ்னிகாஃப் விதியையும், பெராக்சைடு இருக்கும்போது பொருந்தும் அதன் எதிர் விதியையும் மனப்பாடம் செய்தும் தேர்வில் மாற்றி எழுதிவிடுவதாகச் சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். இவை இரண்டு விதிகளே அல்ல என்பது பிடிபட்ட பிறகுதான் குழப்பம் விட்டது.

புரோப்பீனின் இரட்டைப் பிணைப்பில் ஒன்று ஓரக் கார்பன், மற்றது நடுக் கார்பன். முதலில் வந்து ஒட்டுவது எதுவானாலும் ஓரத்தில்தான் ஒட்டும். அப்போதுதான் எலக்ட்ரான் குறை நடுக் கார்பனின் தலையில் விழும். இருபுறமும் கார்பன்கள் துணை நிற்பதால் அது தாக்குப்பிடிக்கும். ஓரக் கார்பனுக்கு அந்தத் துணை போதாது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: முந்துவது யார்?

வழக்கமாக முந்துவது ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து வரும் புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி. அது ஓரத்தில் சேர, நடுக் கார்பன் நேர்மின் சுமை பெறுகிறது. பின்னால் வரும் புரோமைடு அயனி அங்கே போய்ச் சேர, 2-புரோமோபுரோப்பேன் கிடைக்கிறது. பெராக்சைடு இருந்தால் கதை வேறு. அதன் வலுவற்ற ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு உடைந்து, இணையற்ற எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்புகள் உருவாகின்றன. அவை ஹைட்ரஜன் புரோமைடிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க, புரோமின் அணு தனித்துவிடப்படுகிறது. இப்போது முந்துவது அதுதான், ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. தனி உறுப்பாகிவிட்ட நடுக் கார்பன் இன்னொரு ஹைட்ரஜன் புரோமைடிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க, 1-புரோமோபுரோப்பேன். அங்கே விடுபடும் புரோமின் அணு அடுத்த புரோப்பீனைப் பிடிக்க, வினை சங்கிலியாகத் தொடர்கிறது.

மார்கோவ்னிகாஃப் தம் விதியை 1870-இல் வெளியிட்டபோது எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அது 1897-இல்தான் கண்டறியப்பட்டது. கண்டதைச் சொன்னார், காரணம் சொல்ல வழியில்லை. அதன்பின் பல ஆண்டுகள், ஒரே வினையைச் செய்த வேதியியலர்களுக்கு ஆளுக்கொரு விளைபொருள் கிடைத்தது. 1933-இல் காரஷ், மேயோ என்ற இரு வேதியியலர்கள், இரட்டைப் பிணைப்புள்ள அல்லைல் புரோமைடு என்ற சேர்மத்தை ஆராய்ந்து முடிச்சை அவிழ்த்தார்கள். காற்றுபட்டு நாளான மாதிரிகளில் பெராக்சைடு தானாகவே உருவாகியிருந்தது! பாடநூலில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்தத் துப்பறிதல்தான் எனக்கு இப்பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி.

தேர்வில் சறுக்க வைக்கும் இன்னொன்று: இந்த இடமாற்றம் ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டுமே. ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு மிக வலுவானது, கார்பன் தனி உறுப்பால் அதிலிருந்து ஹைட்ரஜனை எளிதில் பறிக்க முடியாது. ஹைட்ரஜன் அயோடைடில் பறிப்பது எளிது. ஆனால் விடுபட்ட அயோடின் அணு இரட்டைப் பிணைப்போடு சேர ஆற்றல் செலவாகும், அதனால் சங்கிலி அங்கேயே நின்றுவிடுகிறது.