பாப் பேண்ட்ல பேர் வாங்கிட்டு, அத விட்டுட்டு புது பேண்ட் ஆரம்பிச்சு கன்ட்ரி ராக்குக்கு (அமெரிக்க கிராமத்துப் பாட்டான கன்ட்ரியும் ராக்கும் கலந்தது) வழி போட்டவங்க யாராவது இருக்காங்களா?

மைக்கேல் நெஸ்மித்னு சொல்லுவேன். 1966ல அமெரிக்காவுல ஒரு டிவி சீரியலுக்காகவே ஆள் எடுத்து சேர்த்த பேண்ட் மங்கீஸ், அதுல கம்பளிக் குல்லா போட்டுட்டு நிப்பாரே நெட்டையா ஒருத்தர், அவரேதான். ஆரம்பத்துல அவங்க ரெக்கார்டுல வாசிச்சது பெரும்பாலும் வேற ஆளுங்க, நீங்க வந்து பாடினா போதும்னு வச்சிருந்தாங்க, மனுஷனுக்கு செம கடுப்பு.

கன்ட்ரி ஒன்னும் அவருக்கு திடீர்னு வந்த ஆசை இல்ல, டெக்சாஸ்காரர். மங்கீஸ்ல இருக்கும்போதே 1968ல கன்ட்ரி பாட்டோட தலைநகர் மாதிரி இருக்குற நாஷ்வில் போய் அங்க உள்ள வாத்தியக்காரங்கள வச்சு ரெக்கார்ட் பண்ணிட்டு வந்தாரு. 1970ல வெளிய வந்ததும் ஆரம்பிச்ச புது பேண்ட்தான் ஃபர்ஸ்ட் நேஷனல் பேண்ட். ஜான் லண்டன் பேஸ், ஜான் வேர் டிரம்ஸ், ரெட் ரோட்ஸ் பெடல் ஸ்டீல்.

என்னைக் கேட்டா பாதி மேஜிக் ரோட்ஸோடது. பெடல் ஸ்டீல்னா கிடார மேஜை மாதிரி படுக்க வச்சிருக்கும், இடது கையில பிடிச்ச இரும்பு உருளை நம்ம கோட்டுவாத்தியம் மாதிரி தந்தி மேல வழுக்கிட்டே போகும், அதோட கால்ல பெடல், முட்டியில லீவர் வேற, ஒரு ஸ்வரம் நிக்கும்போதே பக்கத்து தந்தி மட்டும் மெதுவா வளைஞ்சு ஏறும் பாருங்க, அதுதான் அந்த அழுகை. இவங்களோட 'ஜோஆன்' பாட்டு யூடியூப்ல தானா ஓடினப்போ இது டிவி பேண்ட் ஆளுன்னே எனக்கு தெரியாது. நெஸ்மித் குரல் சட்டுனு மேல தாவி மெலிசாகுற இடத்துல ஸ்டீலும் கூடவே போகும், நான் திருப்பித் திருப்பி அந்த இடத்தையே வச்சு கேட்டேன். அமெரிக்க ஹிட் பாட்டு வரிசையான பில்போர்டுல அந்தப் பாட்டு 21ம் இடம் வரைக்கும் போச்சு.

முதல் ஆளுன்னு சொல்ல மாட்டேன், பேர்ட்ஸ்ங்கிற ராக் பேண்ட் 1968லயே கன்ட்ரி ஆல்பம் போட்டாச்சு. ஆனா கன்ட்ரி ராக்குல பெரிய பேர் வாங்கின ஈகிள்ஸ் பேண்டோட முதல் ஆல்பம் 1972ல தான், அதுக்குள்ள இவங்க மூணு ஆல்பம் போட்டு பேண்டே கலைஞ்சும் போச்சு. ராக் கேக்குறவனுக்கு இவர் டிவி கோமாளி, மங்கீஸ் ரசிகருக்கு இது என்னடா அழுவாச்சி பாட்டு, நடுவுல மாட்டிக்கிட்டாருன்னு நினைக்கிறேன்.



கேக்கணும்னா இவங்க முதல் ஆல்பம் 'மேக்னெடிக் சவுத்'ல ஆரம்பிங்க, ஹெட்ஃபோன் போட்டு.